பழைய பிக்கப் வண்டியின் புகைக்குழாய் மாற்றம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினைந்து, இருபது ஆண்டு ஓடிய பிக்கப்பில் எஞ்சின் நன்றாக இருக்கும், கியர்பாக்ஸ் நன்றாக இருக்கும். அடியில் போகும் புகைக்குழாய் மட்டும் இற்றுப்போய்க் கிடக்கும். அதை மாற்றப் போகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. தானே படுத்து வேலை பார்க்கிறவருக்கும், பட்டறையில் விட்டுவிட்டுப் பக்கத்தில் நின்று பார்க்கிறவருக்கும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

சத்தம் கொஞ்சம் கூடியிருக்கிறது, அவ்வளவுதான். இப்படியே ஓட்டலாமா?

ஓட்டை எங்கே விழுந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. பின் சக்கரத்தைத் தாண்டிய கடைசிக் குழாயில் சின்ன ஓட்டை என்றால், புதுப் பாகம் வந்து சேரும்வரை சில நாள் ஓட்டலாம். எஞ்சினுக்குப் பக்கத்திலோ கேபினுக்கு அடியிலோ என்றால் வண்டியை நிறுத்திவிடுங்கள்.

வண்டிப் புகையிலுள்ள நச்சுவாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். பழைய வண்டியில் அது உள்ளே வர வழிக்குப் பஞ்சமில்லை: தரைத் தகட்டில் துரு தின்ற துளை, கிழிந்துபோன கியர் லிவர் உறை, வயர் நுழையும் இடத்தில் விழுந்துவிட்ட ரப்பர் மூடி. வண்டியில் ஏறினால் தலைவலியும் கிறுகிறுப்பும் வருகிறது, இறங்கி நடந்தால் போய்விடுகிறது என்றால் அதைத் தூக்கக் கலக்கம் என்று தள்ளாதீர்கள். ஜன்னலைத் திறந்து வைத்து ஓட்டுவதும் தீர்வாகாது. கேபினின் பின்பக்கக் கண்ணாடியைத் திறந்தால் சில வேளை புகை கூடுதலாகத்தான் உள்ளே இழுக்கப்படும்.

எனவே இந்த வேலையில் சத்தத்தை இரண்டாவதாகத்தான் வைக்க வேண்டும். புகை எங்கே வெளியேறுகிறது, யார் மூக்குக்குப் போகிறது என்பதுதான் முதலில்.

பின்தொட்டியில் ஆட்கள் உட்கார்ந்து போவதுண்டு. மேலே கூண்டும் போட்டிருக்கிறது. அதனால் ஏதும் ஆகுமா?

ஆகும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

1992-இல் அமெரிக்காவில் வெளியான ஒரு மருத்துவ ஆய்வு, பிக்கப்பின் பின்தொட்டியில் பயணம் செய்து கார்பன் மோனாக்சைடு நஞ்சுக்கு ஆளான 20 குழந்தைகளைப் பற்றிச் சொல்கிறது. 17 பேர் மூடிய கெட்டியான கூண்டுக்குள் இருந்தவர்கள்; மீதி மூவர் தார்ப்பாய்க்கு அடியில். பெரும்பாலானோர் நினைவிழந்திருக்கிறார்கள், ஒரு குழந்தை இறந்திருக்கிறது. அந்த வண்டிகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக இருந்தது இதுதான்: ஒன்று, புகைக்குழாயில் லீக் இருப்பது முன்பே தெரிந்திருந்தது, அல்லது குழாயின் வாய் பக்கவாட்டில் இல்லாமல் நேராகப் பின்னால் திறந்திருந்தது.

காரணம் எளிது. வண்டி ஓடும்போது அதன் முதுகுப்புறத்தில் காற்றழுத்தம் குறைந்து ஒரு சுழல் உண்டாகிறது. பின்னால் விட்ட புகை அந்தச் சுழலில் சிக்கித் திரும்பி, கூண்டின் இடுக்கு வழியாக உள்ளே புகுந்துவிடுகிறது.

கூண்டோ தார்ப்பாயோ போட்ட பின்தொட்டியில் யாரையும் ஏற்றாதீர்கள். புதுக்குழாய் போடும்போது அதன் வாய் பின் சக்கரத்தைத் தாண்டி, பக்கவாட்டில், உடல் தகட்டின் விளிம்புக்கு வெளியே வந்து முடியும்படி செய்யுங்கள். பக்கவாட்டுக் குழாய் வைத்துவிட்டோம் என்பதற்காகக் கூண்டுக்குள் ஆளேற்றலாம் என்றும் ஆகிவிடாது.

லீக் எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும் காலை நேரத்தில் பாருங்கள். ஸ்டார்ட் செய்ததும் எஞ்சின் பக்கம் ‘டிக் டிக்’ என்று ஒரு சத்தம் வந்து, ஆக்சிலரேட்டர் கொடுத்தால் வேகமாகி, சூடேறியதும் மறைந்துவிட்டால் எஞ்சினிலிருந்து புகையை வாங்கும் முதல் பாகமான மேனிஃபோல்ட்டின் கேஸ்கெட் (இணைப்பின் இடைவெளியை அடைக்கும் தகடு) போயிருக்கலாம், அல்லது அதை எஞ்சினோடு பிடிக்கும் ஸ்டட் (மரைத் தண்டு) முறிந்திருக்கலாம். இரும்பு சூட்டில் விரிந்து இடைவெளியை அடைத்துக்கொள்வதால்தான் சத்தம் நின்றுபோகிறது. லீக் சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

பிறகு கண்ணால் பாருங்கள். இணைப்புகளைச் சுற்றிக் கறுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ விசிறிபோலக் கரி படிந்திருந்தால் அங்கேதான் புகை கசிகிறது.

எனக்குப் பிடித்த முறை எஞ்சினை ஓட்டாமலே செய்வது. காற்றை வெளியே தள்ளும் வேக்குவம் கிளீனரின் குழாயைப் புகைக்குழாய் வாயில் வைத்து, சுற்றித் துணியால் அடைத்துவிடுங்கள். சோப்புத் தண்ணீரை ஒவ்வோர் இணைப்பிலும், வெல்டிங் ஓரத்திலும், சைலன்சரின் மடிப்பிலும் தெளியுங்கள். பெரிய ஓட்டை தண்ணீரைச் சிதறடிக்கும். மயிரிழை விரிசலில் நுரை மெதுவாக, பொடிக் குமிழிகளாகப் பூத்து வரும். எல்லாம் ஆறியிருப்பதால் கை சுடாது, புகையும் இல்லை, புகையைச் சுத்தப்படுத்தும் கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் ஊசித்துளைகூடத் தெரிந்துவிடும்.

கடைசியாகச் சின்னச் சுத்தியலால் நெடுகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும்; இற்றுப்போன இடம் ‘டொப்’ என்று அடங்கும்.

சைலன்சர் வெளியே நன்றாகத்தான் இருந்தது. திடீரென்று ஓட்டை விழுந்தது எப்படி?

துரு உள்ளேயிருந்து வந்திருக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகும். சூடான குழாயில் அது ஆவியாக வெளியேறிவிடும். எடுத்த சில நிமிடத்தில் வண்டியை நிறுத்திவிட்டால் சைலன்சர் சூடேறுவதற்குள் ஓட்டம் முடிந்துவிடுகிறது. ஆவி உள்ளேயே குளிர்ந்து தேங்குகிறது. புகையிலுள்ள அமிலப் பொருளும் அதில் கரைந்து தகட்டைத் தின்கிறது. நெடுந்தூரம் ஓடும் வண்டியின் சைலன்சர் நீண்ட நாள் உழைப்பதும், பக்கத்துத் தெருவுக்கு மட்டும் போய்வரும் வண்டியின் சைலன்சர் சீக்கிரம் போவதும் இதனால்தான்.

பல சைலன்சர்களின் அடியில் தண்ணீர் வடிய ஒரு சின்னத் துளை இருக்கும். அதை லீக் என்று நினைத்து அடைத்துவிடாதீர்கள். மாட்டும்போது அந்தத் துளை கீழ்நோக்கி இருக்க வேண்டும்.

போன துண்டை மட்டும் மாற்றினால் போதாதா?

மற்ற பகுதி தட்டும்போது கணீரென்று ஒலித்தால், போதும். சிக்கல் என்னவென்றால், இற்ற குழாயோடு புதுக்குழாயைச் சேர்க்க நல்ல இரும்பு வேண்டும். கிளாம்ப் இறுக்கினால் பழையது நசுங்கும், வெல்டிங் வைத்தால் உருகி ஓட்டை பெரிதாகும். கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருப்பது எல்லாம் ஒரே வயது என்றால், அங்கிருந்து கடைசி வரை மொத்தமாக மாற்றுவதே நல்லது. சைலன்சரை மட்டும் மாற்றிவிட்டு, சில மாதத்தில் கடைசிக் குழாய்க்காக மறுபடி அடியில் படுப்பது வீண் வேலை.

முன்பகுதி நிலைமை வேறு. மேனிஃபோல்ட் தடித்த வார்ப்பிரும்பு. அது துருவால் சாவதில்லை. விரிசல் விட்டிருக்கிறதா, வளைந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

பேஸ்ட், ஒட்டுப்பட்டை, தகரம் சுற்றிக் கட்டுவது?

வீடு வந்து சேர உதவும். அதற்கு மேல் நம்ப வேண்டாம். கேபினுக்கு அடியிலுள்ள ஓட்டைக்கு அந்த அளவுகூட நம்பக் கூடாது.

எந்த உலோகத்தில் வாங்குவது?

சாதா இரும்பு விலை குறைவு, ஆயுளும் குறைவு. அலுமினியம் பூசிய இரும்பு என்று கிடைப்பது, சிலிக்கான் கலந்த அலுமினியக் குழம்பில் முக்கியெடுத்த தகடு. பழைய வேலை வண்டிக்கு நான் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: வெட்டிய விளிம்பிலும் வெல்டிங் வைத்த இடத்திலும் பூச்சு எரிந்துபோகும், துரு அங்கேதான் தொடங்கும். அந்த இடங்களுக்குச் சூடு தாங்கும் பெயின்ட் அடித்துவிடுங்கள்.

ஸ்டெயின்லெஸ் என்று சொல்லி விற்பதில் இரண்டு வகை உண்டு. 409 என்பதில் குரோமியம் சுமார் 11 சதவீதம். மேலே பழுப்பேறும், ஆனால் எளிதில் ஓட்டையாகாது, காந்தம் ஒட்டும். 304 என்பதில் குரோமியம் சுமார் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம். பளபளப்பு நிற்கும், காந்தம் ஒட்டாது என்றே சொல்லலாம், விலை அதிகம். கடையில் எது என்று தெரியாவிட்டால் பாக்கெட்டில் ஒரு காந்தம் வைத்துக்கொண்டு போங்கள். கடலோரத்திலோ, பனிக்கு உப்புத் தூவும் சாலையிலோ ஓடும் வண்டியை இன்னும் பல ஆண்டு வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் 304-க்குக் கொடுக்கிற பணம் வீணாகாது.

தண்ணீர்க் குழாய்க்கான துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். வெல்டிங் வைக்கும்போது எழும் துத்தநாகப் புகை காய்ச்சலும் குளிர்நடுக்கமும் கொண்டுவரும்.

பெரிய குழாய் போட்டால் இழுவை கூடுமா? எஞ்சினுக்குப் பின்னழுத்தம் வேண்டும் என்கிறார்களே?

பின்னழுத்தம், அதாவது புகை வெளியேறக் குழாய் தரும் தடை, எந்த எஞ்சினுக்கும் தேவையில்லை. தேவைப்படுவது புகையின் வேகம். ஒரு சிலிண்டரிலிருந்து பாயும் புகை, தனக்குப் பின்னால் அழுத்தக் குறைவை ஏற்படுத்தி அடுத்த சிலிண்டரின் புகையை இழுத்துக்கொண்டு போகிறது. குழாய் அளவுக்கு மீறி அகலமானால் வேகம் குறைந்து, குறைந்த சுற்றில் அந்த இழுப்பு கெடுகிறது. பாரம் ஏற்றி மேடு ஏறும் பிக்கப்புக்குக் குறைந்த சுற்றில்தான் பலம் வேண்டும். எஞ்சினில் வேறெதையும் மாற்றவில்லை என்றால் கம்பெனி போட்ட விட்டத்தையே போடுங்கள். டர்போ டீசலுக்கு மட்டும் கணக்கு வேறு: டர்போவுக்குப் பின்னால் தடை குறையக் குறைய நல்லது.

பாகம் வாங்கும்போது என்ன விவரம் கொடுக்க வேண்டும்?

மாடலும் ஆண்டும் மட்டும் சொன்னால் போதாது. ஒரே மாடலிலேயே கேபின் அளவு, பின்தொட்டி நீளம், இரு சக்கர ஓட்டமா நான்கு சக்கர ஓட்டமா, எந்த எஞ்சின் என்று எல்லாமே குழாயின் நீளத்தையும் வளைவையும் மாற்றும். முன் ஆக்சில் நடுவிலிருந்து பின் ஆக்சில் நடு வரை டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். குழாயின் வெளிவிட்டம், சைலன்சர் வாய்கள் நடுவிலா ஓரத்திலா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கூடவே கேஸ்கெட், நட்டு போல்ட், தொங்கு ரப்பர் எல்லாவற்றையும் புதிதாகவே வாங்கிவிடுங்கள். இவற்றில் மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள்.

கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு நேர்க்குழாய் போட்டுவிடலாம் என்கிறார்களே?

செய்யாதீர்கள். அதற்குள் தேன்கூடுபோல் இருக்கும் கட்டியின் மேல் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் பூசியிருக்கிறது. கார்பன் மோனாக்சைடையும் எரியாத எரிபொருளையும் அது கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும் மாற்றுகிறது. அதை எடுத்துவிட்டால் முதல் பதிலில் சொன்ன நஞ்சு பல மடங்காக வெளியே வரும். பல நாடுகளில் சட்டப்படியும் குற்றம். நல்ல நிலையிலுள்ள கன்வெர்ட்டர் எஞ்சினின் இழுவையை உணரும்படி குறைப்பதில்லை, அடைபட்டதுதான் குறைக்கும்.

அடைபட்டிருக்கிறது என்று எப்படித் தெரியும்?

ஸ்டார்ட் ஆகும், நின்ற இடத்தில் சீராக ஓடும், சாலையில் ஏறினால் இழுக்காது. கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரை (புகையிலுள்ள ஆக்சிஜனை அளப்பது) கழற்றிவிட்டு அந்த மரையில் அழுத்தமானியை மாட்டி, எஞ்சினை நிமிடத்துக்கு 2500 சுற்றில் வைத்துப் பாருங்கள். 3 பி.எஸ்.ஐ.-க்கு மேல் காட்டினால் பின்னால் எங்கோ அடைப்பு. அது கன்வெர்ட்டராகவே இருக்க வேண்டியதில்லை. சில பழைய வண்டிகளில் முன்குழாய் இரட்டைச் சுவர் கொண்டது. உள்சுவர் மட்டும் கழன்று உள்ளேயே சுருண்டு அடைத்துக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. சைலன்சருக்குள் தடுப்புத் தகடு உடைந்து வாயை மூடுவதும் உண்டு.

கன்வெர்ட்டரே போயிருந்தால், ஏன் போனது என்று கண்டுபிடிக்காமல் புதிதைப் போடாதீர்கள். எஞ்சினில் ஒரு சிலிண்டர் எரியாமல் மிஸ்ஸிங் அடித்தால் எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து கட்டியையே உருக்கிவிடும். பிஸ்டன் வளையம் தேய்ந்து எண்ணெய் குடிக்கிற எஞ்சினும், எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில் கசியும் கேஸ்கெட்டும் மெதுவாகக் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும். மூலக் காரணம் அப்படியே இருந்தால் புதிதும் அதே வழியில்தான் போகும்.

எஞ்சின் விளக்கு எரிகிறது, பி0420 என்று காட்டுகிறது. கன்வெர்ட்டரை மாற்றத்தான் வேண்டுமா?

உடனே வேண்டாம். கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று வண்டியின் கணினி நினைக்கும்போது காட்டும் பிழைக் குறியீடு அது. பின் சென்சாருக்கு அருகில் சின்ன லீக் இருந்தால் வெளிக்காற்று உள்ளே போய் இதே குறியீட்டைக் கொண்டுவரும். முன் சென்சாருக்கு முன்னால் லீக் இருந்தால், ஆக்சிஜன் அதிகம் என்று நினைத்துக் கணினி கூடுதல் பெட்ரோல் ஊற்றும். மைலேஜ் குறையும், கன்வெர்ட்டரும் கெடும். லீக்கை அடைத்துவிட்டுப் பிறகு பாருங்கள்.

வண்டிக்கு அடியில் போகும் முன் என்னென்ன கவனிக்க வேண்டும்?

ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். வண்டியைத் தாங்க வேண்டியது ஸ்டாண்டு. கெட்டியான சமதளத்தில், சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஸ்டாண்டில் இறக்கியபின் பக்கவாட்டில் நன்றாக ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் தலையை உள்ளே நீட்ட வேண்டும். துருப்பிடித்த போல்ட்டோடு மல்லுக்கட்டும் வேலை இது. உங்கள் முழு பலமும் வண்டியின் மேல் இறங்கும்.

பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். மல்லாந்து படுத்து மேலே பார்த்துத் தட்டும்போது துருத்தூள் நேராகக் கண்ணில்தான் விழும். குழாய் முழுக்க ஆறியிருக்க வேண்டும், அதற்குச் சில மணி நேரம் பிடிக்கும். மிகப் பழைய வண்டியின் கேஸ்கெட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அதைக் காய்ந்த நிலையில் கிரைண்டராலோ கம்பி பிரஷ்ஷாலோ தேய்க்காதீர்கள். நனைத்துச் சுரண்டி எடுங்கள்.

பின்தொட்டிக்கு அடியில் ஸ்டெப்னி இருந்தால் முதலில் அதை இறக்குங்கள். கை போக இடம் கிடைக்கும். சேஸிஸையும் பிரேக் குழாய்களையும் துரு எவ்வளவு தின்றிருக்கிறது என்பதும் அப்போதுதான் கண்ணில் படும்.

நட்டு அசையவே இல்லை. என்ன செய்வது?

அவசரப்படாமல் இருப்பதுதான் பாதி வேலை. முந்தின நாளே கம்பி பிரஷ்ஷால் மரையைத் தேய்த்துவிட்டுத் துரு இளக்கும் எண்ணெய் தெளியுங்கள். ராத்திரி ஒரு முறை, காலையில் ஒரு முறை. தெளித்த பிறகு நட்டின் தலையில் சுத்தியலால் நாலு தட்டு தட்டுங்கள். அந்த அதிர்வில்தான் எண்ணெய் மரைக்குள் இறங்கும்.

பன்னிரண்டு முனை சாக்கெட் வேண்டாம்; ஆறு முனை சாக்கெட்டை எடுங்கள். துரு தின்று நட்டு சிறுத்திருந்தால் ஓர் அளவு சின்ன சாக்கெட்டைத் தட்டி ஏற்றுங்கள். கழற்றும் பக்கமாகவே இழுத்துக்கொண்டிருக்காதீர்கள். ஒரு நூலளவு இறுக்கி, பிறகு தளர்த்துங்கள். அசைந்துவிட்டதென்றால் மகிழ்ச்சியில் ஒரேயடியாகச் சுற்றிவிட வேண்டாம். கால் சுற்று தளர்த்தி, எட்டில் ஒரு பங்கு திரும்ப இறுக்கி, எண்ணெய் விட்டு, மீண்டும் தளர்த்தி என்று போக வேண்டும். துருத்தூள் மரையில் திரண்டு ஸ்டட்டை முறுக்கி உடைப்பது இந்த இடத்தில்தான்.

அதற்கும் மசியாவிட்டால் சூடு. நெருப்பை நட்டின் மேல் மட்டும் காட்டுங்கள், ஸ்டட்டின் மேல் வேண்டாம். நட்டு விரிய வேண்டும்; உள்ளேயிருப்பது அதே அளவில் இருக்க வேண்டும். மங்கலாகச் சிவந்ததும் நெருப்பை எடுத்துவிட்டு, சிவப்பு அடங்கியபின் சாக்கெட்டைப் போடுங்கள். சிவந்த இரும்பில் எண்ணெய் தெளித்தால் பற்றிக்கொள்ளும். டேங்க், எரிபொருள் குழாய், பிரேக் குழாய் பக்கத்தில் நெருப்பே ஆகாது. அங்கே நட்டை நெடுக்காக வெட்டிப் பிளந்துவிடுங்கள்.

சைலன்சர் கிளாம்ப், ஃபிளாஞ்ச் (குழாய் முனையில் போல்ட் போடும் தட்டு) போன்ற இடங்களில் இவ்வளவு பொறுமை தேவையில்லை. எப்படியும் தூக்கிப் போடப் போகிற பாகம். கிரைண்டரை எடுத்து வெட்டிவிடுங்கள். தீப்பொறி எங்கே தெறிக்கிறது என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பொறுமை வேண்டியது மேனிஃபோல்ட் ஸ்டட்டிலும் சென்சாரிலும்தான்.

மேனிஃபோல்ட் ஸ்டட் முறிந்தே விட்டது.

கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதன் மேல் ஒரு நட்டை வைத்து, நடுவில் வெல்டிங் நிரப்பி, ஆறும் முன் ஸ்பேனர் போடுங்கள். வெல்டிங் சூடே பாதித் துருவை உடைத்துவிடும். ஹெட்டுக்குள்ளேயே முறிந்திருந்தால் சரியாக நடுவில் புள்ளி குத்தித் துளை போட வேண்டும். ஹெட் அலுமினியம் என்றால் துளைக்கும் முனை வழுக்கி மெத்தென்ற உலோகத்துக்குள் போய்விடும்; பழக்கமில்லாதவர்கள் அந்த வேலையைப் பட்டறைக்குக் கொடுப்பது நல்லது.

திரும்ப மாட்டும் முன் மேனிஃபோல்ட் முகத்தின் மேல் நேர்பட்டை வைத்து, ஃபீலர் கேஜால் (மெல்லிய அளவுத் தகடுகள்) இடைவெளி பாருங்கள். வளைந்திருந்தால் இழைத்து எடுக்க வேண்டும். அப்படியே மாட்டினால் புது கேஸ்கெட்டும் போகும், புது ஸ்டட்டும் முறியும். இறுக்கும்போது நடுவிலிருந்து தொடங்கி இரு பக்கமும் மாறி மாறி, இரண்டு மூன்று சுற்றில் இறுக்குங்கள்.

ஆக்சிஜன் சென்சாரைப் பழையதே போடலாமா?

மரை கெடாமல் வந்து, வேலையும் செய்தால் போடலாம். எஞ்சின் இளஞ்சூடாக இருக்கும்போது கழற்றினால் எளிது. பெரும்பாலானவற்றுக்கு 22 மி.மீ. ஸ்பேனர் பொருந்தும். திரும்ப மாட்டும்போது சென்சாருக்கென்று விற்கும் ஆன்டி-சீஸ் (மரை சிக்கிக்கொள்ளாமல் தடுக்கும்) பசையை மரையில் மட்டும் தடவுங்கள், முனையில் படக் கூடாது. சாதாரண சிலிகான் பசையை எந்த இணைப்பிலும் பயன்படுத்த வேண்டாம். அதன் ஆவி சென்சாரைக் கெடுத்துவிடும்.

மாட்டும் வரிசை என்ன?

கழற்றுவது பின்னாலிருந்து, மாட்டுவது முன்னாலிருந்து. எல்லாத் துண்டையும் கையால் மட்டும் இறுக்கித் தொங்கவிட்டு, நெடுகப் பார்த்து, திருப்பி நிமிர்த்தி, திருப்தியான பிறகுதான் முன்னாலிருந்து பின்னோக்கி ஒவ்வொன்றாக இறுக்க வேண்டும். ஒன்றை மாட்டி இறுக்கி, அடுத்ததை மாட்டி இறுக்கி என்று போனால் கடைசிக் குழாய் பம்பரில் இடிக்கும். குழாய்க்குள் குழாய் போகும் இணைப்பில் 40 முதல் 50 மி.மீ. உள்ளே போயிருக்க வேண்டும்.

சுற்றிலும் 25 மி.மீ.-யாவது இடைவெளி விடுங்கள். டேங்க், ரப்பர் ஹோஸ், பிரேக் குழாய், ஸ்டெப்னி பக்கம் இன்னும் அதிகம். பிக்கப்பில் பலர் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. சேஸிஸில் ஸ்டாண்டு வைத்துத் தூக்கியிருக்கும்போது பின் ஆக்சில் கீழே தொங்கும்; அதன் மேல் வளைந்து போகும் குழாய்க்குத் தாராளமாக இடம் இருப்பதுபோல் தெரியும். வண்டியை இறக்கிப் பாரமும் ஏற்றினால் பட்டை வில் நிமிர்ந்து, ஆக்சில் மேலேறி, குழாயில் இடிக்கும். கடைசியாக இறுக்கும் முன் ஸ்டாண்டை ஆக்சிலுக்கு அடியில் மாற்றி வைத்து, வண்டியின் எடை வில்லின் மேல் இறங்கிய நிலையில் அளந்து பாருங்கள். ஆக்சில் இன்னும் மேலேறும் தூரத்தையும் அதோடு கூட்டிக்கொள்ள வேண்டும்.

தொங்கு ரப்பர் ஏறவே மாட்டேன் என்கிறது.

சோப்புத் தண்ணீர் தடவுங்கள், வழுக்கிக்கொண்டு ஏறும். கிரீஸும் எஞ்சின் எண்ணெயும் ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும். கம்பி கட்டித் தொங்கவிடுவதும் கூடாது. எஞ்சின் ஆடும்போது குழாயும் கூட ஆட வேண்டும்.

கிளாம்பா, வெல்டிங்கா?

கழற்ற வேண்டி வரும் இடங்களில் பட்டை கிளாம்ப் போடுங்கள். யூ வடிவ கிளாம்ப் இரண்டு குழாயையும் சேர்த்து நசுக்கிப் பள்ளமாக்கிவிடும். பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும். இனி எப்போதும் கழற்றப் போவதில்லை என்ற இடத்தில் சுற்றிலும் வெல்டிங் வைக்கலாம், லீக் பயம் இராது.

வண்டியில் வைத்தே வெல்டிங் செய்தால் பேட்டரியின் நெகட்டிவ் வயரை எடுத்துவிடுங்கள். எர்த்தை வெல்டிங் வைக்கும் இடத்துக்கு மிக அருகில் கொடுங்கள். பிரேக் கிளீனர் தெளித்துத் துடைத்த இடத்தில் வெல்டிங் வைக்கவே வேண்டாம். குளோரின் சேர்ந்த வகையாக இருந்தால் சூட்டில் அது பாஸ்ஜீன் என்ற கொடிய விஷவாயுவாக மாறும்.

வெப்பத் தடுப்புத் தகடு துருப்பிடித்துக் கடகடவென்று ஆடுகிறது. கழற்றிப் போட்டுவிடலாமா?

கூடாது. தரைவிரிப்பும், எரிபொருள் குழாயும், வண்டிக்கு அடியில் உயர்ந்து நிற்கும் காய்ந்த புல்லும் பற்றாமல் இருப்பது அந்தத் தகட்டால்தான். காது ஒடிந்திருந்தால் பெரிய ஹோஸ் கிளாம்பை இரண்டு மூன்று சேர்த்துச் சுற்றி இறுக்கினால் நின்றுவிடும்.

முன்பக்கத்தில் வளைந்துகொடுக்கும் மடிகுழாய் மாற்ற மாற்றக் கிழிகிறது.

எஞ்சின் மவுன்ட் ரப்பரைப் பாருங்கள். அது போயிருந்தால் எஞ்சின் அளவுக்கு மீறிக் குலுங்கும். அந்தக் குலுக்கல் முழுவதையும் மடிகுழாய்தான் வாங்கிக்கொள்ளும். மவுன்ட்டை மாற்றாமல் குழாயை மட்டும் மாற்றிப் பயனில்லை.

கார்புரேட்டர் காலத்து வண்டி. மேனிஃபோல்ட்டுக்குக் கீழே ஏதோ ஒரு வால்வு இருக்கிறதே?

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது சூடான புகையை, காற்று உள்ளே போகும் இன்டேக் பக்கம் திருப்பிவிடும் வால்வு அது. பழைய வண்டிகளில் துருவேறி மூடிய நிலையிலேயே சிக்கிக்கொள்வதுண்டு. அப்படியானால் எவ்வளவு நல்ல குழாய் போட்டாலும் எஞ்சின் திணறும். கையால் அசைத்துப் பாருங்கள். தடையில்லாமல் திரும்ப வேண்டும்.

புதிது மாட்டி ஸ்டார்ட் செய்ததும் புகை வருகிறது, நாற்றமும் அடிக்கிறது.

குழாயின் மேலுள்ள எண்ணெய்ப் பூச்சும், நீங்கள் தெளித்த துரு எண்ணெயும் எரிகின்றன. திறந்த வெளியில் வைத்து அரை மணி நேரம் ஓட்டினால் அடங்கிவிடும். அடங்காமல் ஒரே இடத்திலிருந்து வந்துகொண்டிருந்தால் அணைத்துவிட்டுப் பாருங்கள். ஏதாவது ரப்பரோ வயரோ குழாயைத் தொட்டுக்கொண்டிருக்கும். குழாய் வாயில் தண்ணீர் சொட்டுவது இயல்பு.

எஞ்சின் ஆறியதும் சோப்புத் தண்ணீர்ச் சோதனையை இன்னொரு முறை செய்துவிடுங்கள். சூடேறி ஆறும்போது புது இணைப்புகள் கொஞ்சம் தளரும். நூறு கிலோமீட்டர் ஓடியபின், குழாய் ஆறியிருக்கும்போது எல்லாக் கிளாம்பையும் ஃபிளாஞ்ச் போல்ட்டையும் மறுபடி இறுக்க வேண்டும்.

கழற்றிய பழைய கன்வெர்ட்டரை என்ன செய்வது?

சாதாரணப் பழைய இரும்போடு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். உள்ளே இருக்கும் விலையுயர்ந்த உலோகங்களுக்காக அதைத் தனியாக விலை பேசி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். உடைத்துப் பார்க்கவும் வேண்டாம். உள்ளேயிருக்கும் நார்த்தூள் நுரையீரலுக்கு ஆகாது. புதிய கன்வெர்ட்டரின் ரசீதையும் வண்டிப் பதிவு நகலையும் கொண்டுபோங்கள். கன்வெர்ட்டர் திருட்டு அதிகம் என்பதால், நேர்மையாக வாங்குகிற இடத்தில் வண்டி உங்களுடையதுதானா என்று கேட்பார்கள்.